பழைய பிக்கப் வண்டியின் உள்ளறை: நம் கைகளாலேயே புதுப்பிக்கலாம்

விடியுமுன்பே மீன் ஏலக் கூடத்தை நோக்கியும் காய்கறி மண்டியை நோக்கியும் ஓடத் தொடங்கும் பிக்கப் வண்டிகள், நம் சமுதாயத்தில் எத்தனையோ குடும்பங்களின் அடுப்பெரியக் காரணமாக இருக்கின்றன. பழைய இரும்பு, ஜவுளிப் பொதி, தோல் கட்டு, பந்தல் சாமான், பிரியாணி அண்டா என எதை ஏற்றினாலும் சுமக்கின்ற வண்டி அது. அதன் எஞ்சினுக்குக் காலம் தவறாமல் ஆயில் மாற்றுகிறோம். டயர் தேய்ந்தால் கவலைப்படுகிறோம். சரக்குத் தட்டின் பலகை உடைந்தால் அன்றே ஆளை அழைக்கிறோம். ஆனால், வண்டியை ஓட்டுபவர் நாள் முழுதும் அமர்ந்திருக்கும் அந்தச் சின்னஞ்சிறு அறையை நாம் என்றைக்காவது உற்றுப் பார்த்ததுண்டா?

கிழிந்த இருக்கையின்மேல் ஒரு பழைய போர்வை. வெடித்த டேஷ்போர்டின்மேல் ஒரு துண்டு. நைந்துபோன தரை விரிப்பின்மேல் இன்னொரு விரிப்பு. பல வண்டிகளின் உள்ளறை இப்படித்தான் இருக்கிறது. குறை தெரிந்தால் மூடிவிடுகிறோம். குறையோ மூடிய இடத்திலேயே வளர்கிறது. வீட்டுத் தலைவரோ மகனோ தம்பியோ அன்றாடம் அமர்ந்து உழைக்கும் இடம் அது என்பதை நினைத்தால், இந்த அலட்சியம் தகாது என்பது விளங்கும்.

எடுத்துக்காட்டாக டாடா பிக்கப் வண்டியையே எடுத்துக்கொள்வோம். டெல்கோ நிறுவனம் 1988ஆம் ஆண்டில் ‘டாடா மொபைல்’ என்னும் பெயரில் பிக்கப் வண்டிகளை அறிமுகப்படுத்தியது. அதே அடித்தளத்தின்மீதுதான் 1991இல் டாடா சியரா காரும் உருவாயிற்று. டெல்கோ 2003இல் டாடா மோட்டார்ஸ் எனப் பெயர் மாறியது. 207 என்ற எண்ணைத் தாங்கிய பிக்கப் வண்டிகள் நம் ஊர்ச் சாலைகளில் நெடுங்காலம் ஓடி உழைத்தவை. அந்த வண்டியானாலும் மகிந்திரா வண்டியானாலும் உள்ளறையின் அமைப்பு மிக எளிது. ஒரு தரைத்தகடு, இரண்டு கதவுகள், ஓர் இருக்கை வரிசை, ஒரு டேஷ்போர்டு, ஒரு கூரை, அவ்வளவே. காரைப் போலச் சிக்கலான வேலைப்பாடுகள் அதில் இல்லை. ஸ்பேனர் தொகுதி ஒன்று, திருப்புளிகள், ஒரு தையல் இயந்திரம், கொஞ்சம் பொறுமை ஆகியவை இருந்தால் பெரும்பகுதி வேலையை வீட்டு முற்றத்திலேயே முடித்துவிடலாம்.

அழகுக்காக மட்டும் அன்று

‘சரக்கு வண்டிக்கு அழகு எதற்கு?’ என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால், உள்ளறையைச் செப்பனிடுவது அழகுக்காக மட்டும் அன்று.

துருப்பிடித்த தரையில் விழும் ஓட்டை வழியே கீழிருந்து புகை உள்ளே வரும். கியர்க் கம்பின் அடியிலுள்ள ரப்பர் உறை கிழிந்திருந்தாலும் அப்படியே. உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என உறுதிசெய்யப்பட்ட பொருள்களின் வரிசையில் டீசல் புகையை 2012இல் சேர்த்தது. அதனுடன் வரும் கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்ற வாயு. டீசல் எஞ்சினில் அது பெட்ரோல் எஞ்சினைவிடக் குறைவு என்பது உண்மையே. எனினும், கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, எஞ்சினை ஓடவிட்டபடி வண்டிக்குள் உறங்குபவருக்குத் தரையிலுள்ள ஓட்டை ஆபத்தாகவே முடியக்கூடும்.

அடுத்து, இருக்கை. ஸ்பிரிங் உடைந்து ஒருபக்கம் சாய்ந்த இருக்கையில் ஆண்டுக்கணக்கில் அமர்பவரின் முதுகு, அந்தச் சாய்வை வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுகிறது. மூன்றாவது, மின்கம்பி. டேஷ்போர்டின் அடியில் தொங்கும் ஒட்டுப்போட்ட கம்பிகள் தீ விபத்துக்கு வழிகோலுகின்றன. இம்மூன்றையும் சரிசெய்யாமல் பளபளப்பான புதிய சீட் கவர் மாட்டுவது, ஒழுகும் கூரையைச் சீர்செய்யாமல் உள்ளே சுண்ணாம்பு அடிப்பதைப் போன்றது. எனவே, வேலை தரையிலிருந்து தொடங்கி மேல்நோக்கி வரவேண்டும். அலங்காரம் கடைசியில்தான்.

வண்டி நின்றால் வருமானம் நின்றுவிடுமே என்ற கவலை வேண்டாம். வேலையை நான்கைந்து விடுமுறை நாள்களுக்குப் பிரித்துக்கொள்ளுங்கள். மாலையில் இருக்கையை அதற்குரிய போல்ட்டுகளுடன் முறையாகப் பொருத்திவிட்டால் மறுநாள் வண்டி வேலைக்குப் போய்விடும். துரு நீக்கிப் பெயிண்ட் அடிக்கும் கட்டத்திற்கு மட்டும் தொடர்ந்து இரண்டு நாள்கள் ஒதுக்குங்கள்.

முதல் நாள்: கழற்றுதலும் கண்டறிதலும்

எதைத் தொடுமுன்பும் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பை முதலில் கழற்றுங்கள். மீண்டும் மாட்டும்போது அதனைக் கடைசியில் மாட்டுங்கள். வண்டியின் உடல் முழுதும் நெகட்டிவ்வோடு இணைந்திருக்கிறது. எனவே, பாசிட்டிவ்வை முதலில் கழற்ற முயலும்போது ஸ்பேனர் தவறி உடல் தகட்டில் பட்டால் பெரும் பொறி பறக்கும்.

கழற்றுமுன் ஒவ்வொரு பகுதியையும் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய திருகாணிகளையும் போல்ட்டுகளையும் சிறு சிறு பைகளிலிட்டு, ‘வலக்கதவு’, ‘இருக்கை முன்புறம்’ என்று எழுதி வையுங்கள். பள்ளி செல்லும் பிள்ளைகளிடம் இந்தப் பொறுப்பை ஒப்படைத்தால் ஆர்வத்தோடு செய்வார்கள்; வேலையும் கற்பார்கள்.

நெடுநாள் நின்றிருந்த வண்டியானால் இருக்கைக்கு அடியில் எலி கூடு கட்டியிருக்க வாய்ப்புண்டு. எலியின் சிறுநீர் வழியே எலிக்காய்ச்சல் பரவும். ஆகவே, எச்சத்தைக் காய்ந்த நிலையில் கூட்டிப் பெருக்காதீர்கள். கையுறையும் முகக்கவசமும் அணிந்து, பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரைத் தெளித்து, சிறிது நேரம் ஊறவிட்டு, துணியால் வழித்தெடுங்கள். அத்துணியை வேறெதற்கும் பயன்படுத்த வேண்டாம்.

இருக்கை, விரிப்பு, கதவின் உள்தட்டி ஆகியவற்றை அகற்றியதும் தரைத்தகடு கண்ணில் படும். இப்போது ஒரு திருப்புளியின் கைப்பிடியால் தரை முழுதும் மெல்லத் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென ஒலிக்கும். துரு அரித்த இடம் மந்தமான ஓசை தரும். சந்தேகமான இடத்தைத் திருப்புளி முனையால் அழுத்துங்கள். முனை உள்ளே போய்விட்டால் அங்கே இரும்பு இல்லை. துருவும் பெயிண்டும்தான் தகடு போல் நிற்கின்றன. கால் வைக்கும் பள்ளம், கதவின் அடிவிளிம்பு, கேபினின் பின்மூலைகள் ஆகிய மூன்றும் முதலில் பார்க்க வேண்டிய இடங்கள்.

தண்ணீர் வரும் வழியைத் தேடுங்கள்

துருவைச் சுரண்டத் தொடங்குமுன் அதனைக் கொண்டுவந்த தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டறிய வேண்டும். இல்லையேல் அடுத்த மழைக்காலத்தில் பட்ட பாடெல்லாம் வீணாகும்.

இதற்கு இருவர் தேவை. ஒருவர் டார்ச் விளக்குடன் உள்ளே அமர்ந்து கதவுகளை மூடிக்கொள்ளட்டும். மற்றவர் வெளியிலிருந்து குழாய்த் தண்ணீரை மெதுவாகப் பாய்ச்சட்டும். கீழ்ப்பகுதியில் தொடங்கிப் படிப்படியாக மேலே வரவேண்டும். எடுத்த எடுப்பிலேயே கூரையில் பாய்ச்சினால் நீர் எல்லாப் பக்கமும் வழியும்; எந்த இடத்தில் ஒழுகுகிறது என்பது விளங்காது. முன்கண்ணாடியைச் சுற்றியுள்ள பீடிங் ரப்பர், கதவின் ரப்பர், கண்ணாடிக்குக் கீழே காற்று உள்ளே வரும் பகுதி ஆகியவற்றில் ஒவ்வொன்றாகச் சில நிமிடங்கள் நீரைப் பாய்ச்சிப் பாருங்கள். ஒழுகல் தென்பட்ட இடத்தைச் சாக்கட்டியால் குறித்துக்கொள்ளுங்கள். காய்ந்து வெடித்த ரப்பரை மாற்றியே ஆகவேண்டும். அதன்மேல் பசை தடவுவது சில மாதங்களுக்குத்தான் தாங்கும்.

கதவைப் பற்றிப் பலர் அறியாத ஒரு செய்தி உண்டு. கதவுக் கண்ணாடியின் ஓரமாக மழைநீர் கதவுக்குள் இறங்குவது இயல்பே. அதற்காகவே கதவின் அடியில் சிறு வடிகால் துளைகள் வைத்திருக்கிறார்கள். அத்துளைகள் மண்ணும் பெயிண்டும் அடைத்துக்கொண்டால் நீர் உள்ளேயே தேங்கிக் கதவின் அடிப்பகுதி உளுத்துப்போகும். ஒரு கம்பியால் குத்தி அவற்றைத் திறந்துவிடுங்கள். கதவின் உள்தட்டிக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டப்பட்டிருக்கும். ‘இது எதற்கு?’ என்று கிழித்தெறிபவர்கள் உண்டு. உள்தட்டி நனையாமல் காப்பது அதுதான். அது கிழிந்திருந்தால் கனமான பாலித்தீன் தாளை அதே அளவில் வெட்டி, கீழ்விளிம்பு கதவின் உட்பக்கம் செருகப்படும்படி ஒட்டுங்கள்.

துருவை மூடாதீர்கள், நீக்குங்கள்

இரும்பும் நீரும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்தால் துரு உண்டாகிறது. இரும்பைவிடத் துருவுக்கு இடம் அதிகம் வேண்டும். பெயிண்ட் கொப்புளம்போல் உப்புவது இதனால்தான். உப்பு கலந்த நீர் மின்னோட்டத்தை எளிதாகக் கடத்துவதால் இவ்வேதிவினை இன்னும் விரைவாக நடக்கிறது. காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் போன்ற கடற்கரை ஊர்களில் ஓடும் வண்டிகளும், மீன் பெட்டிகளிலிருந்து ஐஸ் கரைந்த உப்புநீர் வழியும் வண்டிகளும் சீக்கிரம் உளுத்துப்போவதன் காரணம் இதுவே. இத்தகைய வண்டிகளின் தரையை முதலில் நல்ல தண்ணீரால் கழுவி உப்பை நீக்கி, வெயிலில் நன்கு காயவைத்த பிறகே மற்ற வேலையைத் தொடங்க வேண்டும்.

மேலோட்டமான துருவைக் கம்பித் தூரிகையாலும் உப்புத்தாளாலும் தேய்த்து எடுங்கள். கண்ணுக்குக் கண்ணாடியும் மூக்குக்கு முகக்கவசமும் கட்டாயம். தேய்த்த பின்னும் குழிகளில் எஞ்சியிருக்கும் துருவுக்கு, டானிக் அமிலமோ பாஸ்பாரிக் அமிலமோ கலந்த துரு மாற்றித் திரவம் கடைகளில் கிடைக்கிறது. அதனைத் தடவினால் செந்நிறத் துரு கருநிறமாக மாறி இறுகும். ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத் தோல் தொழிலை அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது. கடுக்காயிலும் ஆவாரம்பட்டையிலும் உள்ள டானின்தான் தோலைப் பதப்படுத்துகிறது. அது இரும்போடு சேர்ந்தால் கறுப்பதையும் அவர்கள் கண்டிருப்பார்கள். எனினும், உதிர்கின்ற துருவின்மேல் அத்திரவத்தைத் தடவுவதில் பயனில்லை. முதலில் சுரண்ட வேண்டும். பிறகே தடவ வேண்டும்.

திரவம் காய்ந்தபின் ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்து ஓரிரவு காயவிடுங்கள். அதன்மேல் இரண்டு பூச்சு எனாமல் பெயிண்ட் அடியுங்கள். முதல் பூச்சு காய்ந்த பிறகே இரண்டாவது பூச்சை அடிக்க வேண்டும். கதவுகளைத் திறந்து வைத்தே இவ்வேலையைச் செய்யுங்கள்.

தகட்டில் ஓட்டையே விழுந்திருந்தால்? அங்கே பட்டி வைத்து அடைப்பதோ, தகரத் துண்டைப் பசையால் ஒட்டுவதோ கூடாது. அரித்த பகுதியை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்யவேண்டும். இது டிங்கர் வேலை தெரிந்தவருக்குரியது. அவரிடம் கொண்டுபோகுமுன் இருக்கை, விரிப்பு, ஃபோம் அனைத்தையும் வெளியே எடுத்துவிடுங்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். டீசல் குழாயும் பிரேக் குழாயும் எந்த வழியாகப் போகின்றன என்று காட்டுங்கள். ஃபோம் தீப்பற்றினால் நொடியில் பரவும். அதன் புகையில் கார்பன் மோனாக்சைடும் சயனைடு வாயுவும் இருக்கும். இருக்கையும் பெல்ட்டும் பொருத்தப்படும் இடத்தில் தகடு அரித்திருந்தால் அது உயிர் சம்பந்தப்பட்ட வேலை. அதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

மின்கம்பிகளை ஒழுங்குபடுத்துங்கள்

தரை காலியாக இருக்கும்போதே கம்பி வேலையை முடித்துவிடுவது எளிது. பழைய வண்டிகளில் டேப் ரெக்கார்டர், சிறு மின்விசிறி, கைப்பேசிக்கு மின்னேற்றும் கருவி என்று காலந்தோறும் ஒவ்வொருவர் இழுத்த கம்பிகள் சிக்குண்டு கிடக்கும். பயனற்றவற்றை அகற்றுங்கள். பயனுள்ள ஒவ்வொன்றுக்கும் தனி ஃபியூஸ் இருக்கிறதா என்று பாருங்கள்.

எந்த அளவு ஃபியூஸ் என்பதற்குக் கணக்கு எளிது. 12 வோல்ட் வண்டியில் 60 வாட் கருவி ஒன்று 5 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுக்கும். 7.5 ஆம்பியர் ஃபியூஸ் அதற்குப் போதும். கம்பியும் அதைத் தாங்கும் தடிமனில் இருக்கவேண்டும். பேட்டரியிலிருந்து நேராகக் கம்பி இழுத்தால் ஃபியூஸ் பேட்டரிக்கு அருகிலேயே இருக்கவேண்டும். ஃபியூஸ் எரிந்தால் அதற்குப் பதில் செம்புக் கம்பியையோ சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளையோ சுற்றி வைப்பவர்கள், அன்றைய அவசரத்திற்காக முழு வண்டியையும் பணயம் வைக்கிறார்கள்.

எஞ்சினுக்கும் கேபினுக்கும் இடையிலுள்ள தடுப்புத் தகட்டின் துளை வழியே கம்பி வரும் இடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் வண்டி அதிர அதிரத் தகட்டின் விளிம்பு கம்பியின் உறையை அறுத்துவிடும். முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகளை நீக்கி, அழுத்திப் பொருத்தும் இணைப்பிகளைப் பயன்படுத்துங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற சிறு தீயணைப்பான் ஒன்றையும் கைக்கெட்டும் இடத்தில் பொருத்திவிடுங்கள்.

வெப்பமும் இரைச்சலும்

டீசல் வண்டியின் கேபினுக்குள் வெப்பமும் இரைச்சலும் பெரும்பாலும் தரை வழியாகவும் தடுப்புத் தகட்டின் வழியாகவும் வருகின்றன. முதலில் ஓட்டைகளை அடையுங்கள். கியர்க் கம்பின் ரப்பர் உறையை மாற்றுங்கள். பிறகு, தகட்டின் அதிர்வைத் தணிக்கும் பியூட்டைல் தாள்களை ஒட்டலாம். தகடு முழுதும் ஒட்ட வேண்டிய தேவை இல்லை. அகன்று விரிந்த பகுதிகளின் நடுவில், பரப்பில் மூன்றிலொரு பங்குக்கு ஒட்டினாலே அதிர்வு நன்கு குறையும். கட்டடக் கூரைக்குப் போடும் தார்த் தாளை மலிவாக இருக்கிறதென்று வாங்கிவிடாதீர்கள். வெயிலில் அது இளகி நாற்றமடிக்கும்.

அதன்மேல் வெப்பம் தடுக்கும் ஃபோம் விரிப்பைப் போடலாம். அது நீரை உறிஞ்சாத மூடிய துளைகளைக் கொண்ட வகையாக இருக்கவேண்டும். சணல் சாக்கும் பஞ்சு விரிப்பும் நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு நீங்கள் போக்கிய துருவை மீண்டும் அழைத்துவரும். மேலே ரப்பர் அல்லது வினைல் விரிப்பே பிக்கப் வண்டிக்கு ஏற்றது. மாதம் ஒருமுறை தூக்கிப் பார்ப்பதற்கும் அதுவே வசதி. ஓட்டுநரின் காலடியில் உள்ள விரிப்பு நகராமல் இருக்கவேண்டும். மடங்கிய விரிப்பு பிரேக் மிதிக்கு அடியில் சிக்கினால் என்ன நேரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இருக்கை: வீட்டுத் தையல் இயந்திரம் போதுமா?

இனித்தான் கண்ணுக்குத் தெரியும் வேலை. இருக்கையின் இரும்புச் சட்டத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வெல்டிங் செய்பவரிடம் கொடுங்கள். வளைந்து நெளிந்த ஸ்பிரிங்குகளில் உடைந்தவற்றை மாற்றுங்கள். ஸ்பிரிங்கின்மேல் நேராக ஃபோம் வைக்காமல், இடையில் கெட்டியான கித்தான் அல்லது அழுத்தப்பட்ட விரிப்பு ஒன்றைப் போடுங்கள். இல்லையேல் ஸ்பிரிங் ஃபோமை அறுத்துவிடும்.

ஃபோம் வாங்கும்போது கையால் அழுத்திப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு கனமீட்டருக்கு எத்தனை கிலோ என்னும் அடர்த்தியைக் கேளுங்கள். அன்றாட உழைப்புக்கு 40 அடர்த்தி நல்லது. அதில் பாதி அடர்த்தியுள்ள ஃபோம் கடையில் மெத்தென்று இருக்கும். சில மாதங்களில் அமுங்கிப்போகும். நம் தென்னை நாரோடு ரப்பர்ப் பாலைச் சேர்த்துச் செய்யும் காயர் மெத்தையும் இருக்கைக்கு ஏற்றதே. காற்றோட்டம் அதன் சிறப்பு. அடியில் காயர், மேலே ஃபோம் என இரண்டையும் சேர்த்தும் வைக்கலாம். ஆனால், இருக்கையின் பழைய உயரத்தை மிகுதியாகக் கூட்டிவிடாதீர்கள். மிதிகளுக்குக் கால் எட்டுவதும், கண்ணாடிகளில் பார்வை படுவதும் மாறிவிடும்.

உறை தைப்பதற்குப் பழைய உறையே வழிகாட்டி. அதன் தையல்களைப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் எண்ணும் திசைக்குறியும் எழுதி, புது ரெக்சினின்மேல் வைத்து வரையுங்கள். மடிப்புக்கு அரை அங்குலம் விடுங்கள். ரெக்சின் வழக்கமாக 54 அங்குல அகலத்தில் கிடைக்கும். அளவுத்தாள் வெட்டி அடுக்கிப் பார்த்துவிட்டு நீளத்தை முடிவு செய்தால் துணி வீணாகாது. சென்னைவாசிகளுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளும், பழைய உதிரிப் பாகங்களுக்குப் புதுப்பேட்டையும் இருக்கின்றன.

தையல் அறிந்த நம் தாய்மார்களும் சகோதரிகளும் இதில் பெரும் பங்காற்ற முடியும். வீட்டு இயந்திரத்தில் 16 அல்லது 18ஆம் எண் ஊசியைப் பொருத்தி, நைலான் அல்லது பாலியெஸ்டர் நூலால் தைக்க வேண்டும். பருத்தி நூல் வெயிலிலும் ஈரத்திலும் இற்றுப்போகும். அங்குலத்திற்கு ஆறு தையல் போதும். நெருக்கித் தைத்தால் ஊசித்துளைகள் வரிசையாகச் சேர்ந்து, அஞ்சல்தலைத் தாளைப்போல ரெக்சின் கிழிந்துவிடும். தவறாக விழுந்த துளை துணியில் மறைவதுபோல் ரெக்சினில் மறையாது. ஆகவே, குண்டூசிக்குப் பதில் கிளிப்புகளால் பிடித்துக்கொள்ளுங்கள். இயந்திரத்தின் பாதம் ரெக்சினில் ஒட்டிக்கொண்டால் மேலே மெல்லிய தாளை வைத்துத் தைத்துவிட்டுப் பிறகு கிழித்தெடுங்கள். இரண்டு மடிப்பு வரை வீட்டு இயந்திரம் தாங்கும். ஓரங்களில் பைப்பிங் வைத்து நான்கு மடிப்பாக வரும் இடங்களை மட்டும் குஷன் கடையில் கொடுத்துத் தைத்துக்கொள்ளலாம்.

தைத்த உறையை அரைமணி நேரம் வெயிலில் போட்டால் இளகும். அப்போது இழுத்து மாட்டினால் சுருக்கம் விழாது. நடுவிலிருந்து தொடங்கி ஓரங்களுக்குச் செல்லுங்கள். கறுப்பு ரெக்சின் அழுக்கை மறைக்கும். ஆனால், நம் ஊர் வெயிலில் சுட்டெரிக்கும். அமரும் பகுதிக்குத் துணியும் ஓரங்களுக்கு ரெக்சினும் வைப்பது நடுவழி.

இருக்கையை மீண்டும் பொருத்தும்போது பழைய போல்ட்டுகளையோ, அதே வலிமை எண் பொறித்த புதியவற்றையோ பயன்படுத்துங்கள். சீட் பெல்ட்டைச் சோப்பு நீரால் மட்டும் கழுவுங்கள். பிளீச்சிங், சாயம் இரண்டும் இழையின் வலுவைக் குறைக்கும். ஓரம் நைந்த பெல்ட்டைத் தைத்துப் பயன்படுத்தாமல் மாற்றிவிடுங்கள். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பெல்ட் அணியாததற்கு அபராதம் 1,000 ரூபாய். அபராதத்தைவிட வீட்டில் காத்திருப்பவர்களை நினைப்பதே நல்ல காரணம்.

கதவுத்தட்டி, கூரை, டேஷ்போர்டு

ஈரத்தில் உப்பிப்போன கதவுத்தட்டியை அளவாக வைத்து, ஹார்டுபோர்டு அல்லது மெல்லிய பிளைவுட்டில் புதியது வெட்டலாம். ஓரங்களுக்கும் பின்புறத்திற்கும் வார்னிஷ் பூசிய பிறகு ரெக்சின் ஒட்டுங்கள். கூரைத் துணி தொங்குவது, துணிக்குப் பின்னாலுள்ள மெல்லிய ஃபோம் பொடியாகிவிடுவதால்தான். அப்பொடியை முழுவதும் துடைத்தெடுக்காமல் புதுத் துணியை ஒட்டினால் அதுவும் தொங்கும். பசை வெப்பம் தாங்கும் ரப்பர்ப் பசையாக இருக்கட்டும். இரு பரப்பிலும் தடவி, தொட்டால் ஒட்டாத அளவு காய்ந்ததும் அழுத்துங்கள். அதன் ஆவி எளிதில் தீப்பற்றும், தலைசுற்றலும் தரும். திறந்தவெளியில், நெருப்பில்லாத இடத்தில், குழந்தைகளை விலக்கிவிட்டுச் செய்யுங்கள்.

டேஷ்போர்டு வெடிப்பதற்கு வெயிலே காரணம். வெடிப்பைச் சுத்தம் செய்து, பிளாஸ்டிக்குக்குரிய எபாக்சியால் நிரப்பி, தேய்த்து, பளபளப்பில்லாத நிறத்தில் பெயிண்ட் அடிக்கலாம். பளபளப்பு முன்கண்ணாடியில் எதிரொளித்துக் கண்ணைக் கூசச்செய்யும். எண்ணெய்ப் பசையுள்ள பாலிஷை ஸ்டியரிங்கிலும் மிதிகளிலும் தடவவே கூடாது. கையும் காலும் வழுக்கும்.

சட்டமும் நேர்மையும்

இருக்கை உறையை மாற்றுவதும் தரையைச் செப்பனிடுவதும் பழுதுபார்ப்பே. ஆனால், கூடுதல் இருக்கை பொருத்துவதும், வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றுவதும் அப்படியல்ல. பதிவுச் சான்றில் கண்ட விவரங்களுக்கும் தயாரிப்பாளரின் அமைப்புக்கும் மாறாக வண்டியைத் திருத்துவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. ‘பிள்ளைகள் உட்காரட்டும்’ என்று இருக்கைக்குப் பின்னால் ஒரு பலகையை வெல்டிங் செய்து வைப்பது சட்டத்திற்கும் புறம்பு, பிள்ளைகளுக்கும் ஆபத்து.

செய்த வேலைகளின் படங்களையும் ரசீதுகளையும் ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். தகுதிச் சான்றுக்குப் போகும்போது உதவும். நாளை வண்டியை விற்க நேர்ந்தால், விரிப்புக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதை வாங்குபவருக்குத் தயங்காமல் காட்டலாம். பொருளின் குறையை எடுத்துச் சொல்லி விற்பதுதானே நமக்குக் கற்பிக்கப்பட்ட வணிக நெறி?

அன்பு வாசகர்களே! எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் செய்துவிட வேண்டுமென்பதில்லை. பணமும் நேரமும் குறைவாக இருந்தால் ஒழுகலை நிறுத்துவது, ஓட்டையை அடைப்பது, ஃபியூஸ் போடுவது, பெல்ட்டைச் சரிபார்ப்பது ஆகிய நான்கையும் மட்டும் முதலில் செய்யுங்கள். புது ரெக்சின் அடுத்த பெருநாள் வரை காத்திருக்கட்டும். வருகிற விடுமுறை நாளில் உங்கள் வண்டியின் கதவைத் திறந்து, ஓட்டுநரின் காலடியிலுள்ள விரிப்பை ஒருமுறை தூக்கிப் பாருங்கள். அங்கே ஈரம் இருந்தால், எங்கே தொடங்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.